நீ அனுப்பிய போர்க்களம்

லிங்கநகர்,
திருகோணமலை.
கார்த்திகை, 2006.

கடல் கடந்து வாழும் என் தலைமகனே, திருமாறா, கேள்! நானும் உன் தாயும் உன் தங்கையும் உண்கிறோம், உறங்குகிறோம், மூச்சு விடுகிறோம். நலம் என்னும் சொல்லுக்கு இவை போதுமென்றால் நாங்கள் நலம். பனி சூழ்ந்த நோர்வேயில் நீயும் மருமகளும் பேரனும் இதனினும் மேலான நலத்தோடு இருக்க வேண்டுகிறேன். இனி என் முறையீட்டைக் கூறுகிறேன். உன் தங்கை யாழரசியை அங்கே அழைத்துக்கொள்வதற்கு உன்னிடம் ஒரு கையெழுத்தைக் கேட்டோம். நீ ஒரு விளையாட்டுக் கருவியை அனுப்பினாய். அந்தக் கருவி இன்று எம் வீட்டில் இல்லை. வீதி முனையிலுள்ள படைமுகாமில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து உன் தங்கையும் அங்கே போய் வந்துகொண்டிருக்கிறாள்.

இதைத் தொலைபேசியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நம் பேச்சுக்கு இப்போது மூன்றாவது காதும் உண்டு. கடைத்தெருவில் வானொலி திருத்தும் ஸெய்னுதீனை நீ மறந்திருக்கமாட்டாய். வடவெழுத்தைத் தீண்டாத என் எழுத்துக் கொள்கையைத் தள்ளி வைத்து, அவர் எழுதும்படியே அவர் பெயரை எழுதுகிறேன். இந்நாள்களில் எம் வீட்டுப் படியேறும் ஒரே மனிதர் அவர்தாம். அவருடைய மனைவி சித்தி பரீதா கண் மருத்துவத்துக்காகக் கொழும்பு செல்கிறார். இம்மடலைச் சோற்றுப்பொதிக்குள் வைத்துக் கொண்டுபோய் அங்கே அஞ்சலில் சேர்க்க இசைந்திருக்கிறார். “கனக்க எழுதிடாதீங்க ஐயா, சோறு வைக்கவும் இடம் வேணுமே” என்றார். மேடையில் என்னை நிறுத்த எவராலும் இயன்றதில்லை. அவருடைய சோற்றுப்பொதி நிறுத்திவிடும் போலிருக்கிறது. உன் தாய் குணேசுவரிக்கு முழங்கால் வலி குறையவில்லை. கடலில் இறங்கத் தடை இருப்பதால் சாம்பல்தீவிலிருந்து பாக்கியரத்தினம் மாமி மீன் அனுப்புவதும் நின்றுவிட்டது. பருப்பும் முருங்கையுமாக நாள் கழிகிறது. ஊரடங்கு எப்போது விழும், எப்போது எழும் என்பதை அறிவிப்பவருக்கே தெரியாது. யாழரசி பள்ளியை முடித்த நாளிலிருந்து, அந்த முகாம் அழைக்கும்வரை, வாயிற்கதவைத் தாண்டியதில்லை. நாங்கள் தாண்ட விடவில்லை.

அந்தக் கருவி வந்த நாள் எம் வீட்டில் திருவிழா. உள்ளங்கையளவு பெட்டி, புத்தகம்போல் விரிகிறது, மேலொன்றும் கீழொன்றுமாய் இரண்டு திரை. மேல்திரையில் கட்டம் கட்டமாக ஒரு நாடு. நம் வீரரை ஒரு கட்டம் நகர்த்துகிறோம், பிறகு பகைவன் நகர்த்துகிறான். நாம் எத்துணை நேரம் எண்ணிப் பார்த்தாலும் அவன் காத்திருப்பான். ஆனால் இரு வீரர் ஒரே கட்டத்தில் சந்தித்ததும் கீழ்த்திரை ஒளிர்கிறது. அங்கே முறை வைத்தல் இல்லை, காத்திருத்தலும் இல்லை. பெருவிரலால் வாளை வீசிக்கொண்டே இருக்கவேண்டும், தயங்கியவன் வீழ்ந்தான். எண்ணிச் செய்யும் போரையும் கைகலக்கும் போரையும் ஒன்றாகப் பிணைத்தவன் எவனோ, அவன் போரை அறிந்தவன். நான் வீரர்க்கெல்லாம் வேலன், வில்லவன், காலாள் தலைவன் என்று தமிழில் பெயர் சூட்டினேன். யாழரசி தரையில் உருண்டு சிரித்தாள். “மேடை இல்லாமப் போன மனுசனுக்கு இப்ப ஒரு படை கிடைச்சிட்டுது” என்று உன் தாய் அடுக்களையிலிருந்து குத்தினாள். மேல்திரையில் நான் பெருந்தளபதி. கீழ்த்திரை ஒளிர்ந்தால் என் விரல் கல்லாகிவிடும். “அப்பா, மேல நிண்டு யோசிச்சது காணும், கீழ வாங்கோ!” என்று உன் தங்கை கத்துவாள். அவள் இரண்டிலும் வல்லவள். மூடிய வீட்டுக்குள் அவளுக்கென்று ஒரு நாடு கிடைத்ததே என்று அன்று உன்னை வாழ்த்தவும் செய்தேன்.

அப்புறம் சுற்றிவளைப்பு வந்தது. வீடு வீடாகத் துழாவிக்கொண்டு வந்த படையினருக்கு, யாழரசியின் கையில் ஒளிர்ந்துகொண்டிருந்த கருவி கண்ணில் பட்டது. ஓரளவு தமிழ் அறிந்த இளம் அதிகாரி ஒருவர் இது யாது என்று கேட்டார். நான் என் வழக்கப்படி நிமிர்ந்து நின்று, “இது படை நடத்தும் கலையைப் பயிற்றுவிக்கும் கருவி” என்று விடை பகர்ந்தேன். பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் நால்வரின் துவக்குகள் என் மார்பை நோக்கின. உன் தாய்தான் குறுக்கே பாய்ந்து, “கேம் சேர், கேம்! சின்னப்பிள்ளையள் விளையாடுற கேம்!” என்று கதறினாள். முப்பதாண்டு நான் துரத்திய அயற்சொல்லே அன்று என் உயிரை மீட்டது. அதிகாரி கருவியை வாங்கி அழுத்திப் பார்த்தார். கீழ்த்திரை ஒளிர்ந்தது, தோற்றார், சிரித்தார், சட்டைப் பைக்குள் இட்டுக்கொண்டு போனார். தொலைந்தது என்று மூச்சு விட்டோம். மறுநாள் முற்பகல் ஒரு படைவீரன் வாசலில் வந்து நின்று, “நங்கி வரட்டாம், சேர் சொன்னது” என்றான்.

மகனே, அவர் தீயவர் அல்லர். தீயவராயிருந்தால் எளிதாயிருந்திருக்கும். யாழரசிக்கு இருக்கை கொடுக்கிறார், தேநீர் கொடுக்கிறார், தங்கச்சி என்று பொருள்பட நங்கி என்கிறார். “இந்த இடம் ஏலாது நங்கி, காட்டுங்க” என்கிறார். இவள் அந்தக் களத்தை வென்று கொடுத்துவிட்டு வருகிறாள். வாயிற்காவலனுக்கு அருகே போட்டிருக்கும் நீள்பலகையில், மழையில் நனைந்தபடி நான் காத்திருக்கிறேன். அடுத்த களத்தில் அவர் சிக்கியதும் மறுபடியும் ஆள் வருகிறது. வரமுடியாது என்று சொல்ல யாரால் முடியும்? “அவருக்கு யோசிக்கத் தெரியும் அப்பா, அடி விழத் தொடங்கினால்தான் கை ஓடாது, உங்களை மாதிரி” என்றாள் யாழரசி. இன்னும் ஒரே ஒரு களம் மிஞ்சியிருக்கிறது. அதோடு முடிந்துவிடும் என்று நாங்கள் மூவரும் அதையே எண்ணிக் காத்திருந்தோம். சென்ற கிழமை அவர் சொன்னாராம், “இது முடிஞ்சா பயம் வேணாம் நங்கி, கொழும்பில இருந்து புதுசு எடுப்பிக்கிறன்.” வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

அவள் முகாமுக்குள் போவதை வீதி பார்க்கிறது. வீதி பார்த்தால் காடும் பார்க்கும். முந்தாநாள் மாலை மழையோடு மிதிவண்டியை உருட்டிக்கொண்டு காட்டில் படை வைத்திருக்கும் மறுபக்கத்து இளைஞன் ஒருவன் வந்தான். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு மரியாதையாக நின்றான். “ஐயா, உங்கட பேச்சைக் கேட்டு வளந்தனாங்கள். உங்கட மகள் அங்க போய்வாறதை நாங்கள் எப்பிடி விளங்கிக்கொள்ளுறது?” என்றான். விளையாட்டு என்று சொன்னேன். என் செவிக்கே அச்சொல் நம்பும்படி இல்லை. “ஓம் ஐயா. அப்பிடியெண்டால் தங்கச்சியை எங்களிட்ட அனுப்புங்கோ, அங்க பாதுகாப்பாய் இருப்பா. அடுத்த முறை வாறன், பதிலைச் சொல்லுங்கோ” என்றான். உன் தாய் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போனான். முகாமுக்குப் போகாவிட்டால் இங்கிருந்து கேள்வி; போனால் அங்கிருந்து கேள்வி. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் அவளை வாங்கிக்கொள்ள ஆள் நிற்கிறது. விடுதலையாக ஒரு கட்டம்கூட இல்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். அங்குள்ள கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆவணமெல்லாம் ஆயத்தம். தங்கை என் பொறுப்பு என்னும் உன் கையெழுத்து ஒன்றே குறை. “நிலைமை ஒருக்கால் ஆறட்டும் அப்பா, அவளும் வந்திட்டால் உங்களையும் அம்மாவையும் ஆர் பாக்கிறது?” என்று ஆடியிலும் சொன்னாய், ஐப்பசியிலும் சொன்னாய். உன் அன்பை நான் ஐயுறவில்லை. ஆனால் நன்கு எண்ணிப் பார்! எங்களைப் பார்த்துக்கொள்ளவென்று அவளை இங்கே நிறுத்திவைத்தால், அவளை அழைத்துச் செல்வதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். நீ மேல்திரையில் நிற்கிறாய், திருமாறா. அங்கே உனக்கு நேரம் உண்டு. நீ நகர்த்தும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள் என்று நம்புகிறாய். இங்கே கீழ்த்திரை எப்போதோ ஒளிர்ந்துவிட்டது. எங்களுக்காக அஞ்சாதே. கிழவனையும் கிழவியையும் எவரும் விளையாடவும் அழைக்கமாட்டார்கள், படைக்கும் அழைக்கமாட்டார்கள். பருப்பும் முருங்கையும் இருக்கின்றன, ஸெய்னுதீன் இருக்கிறார்.

பேரனைத் தமிழில் கொஞ்சு. பனியில் வெளியே போகையில் காதை மூடிக்கொள். சிறுவயதிலேயே உனக்குக் காதுவலி வரும் என்று உன் தாய் பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறாள். கோணேசர் உன் இல்லத்தைக் காக்க. நீங்கள் மூவரும் நீடு வாழ்க. யாழரசி உனக்கு ஒரு செய்தி சொன்னாள்: கடைசிக் களத்தை வேண்டுமென்றே தோற்றுக்கொண்டிருக்கிறாளாம், புதியது வருமுன் அண்ணன் எழுதிவிடுவான் என்று. அந்த அதிகாரிக்கும் கை பழகிக்கொண்டு வருகிறது. இன்னும் எத்தனை நாள் அவளால் தோற்க இயலும்?

ஆகவே கேட்கவில்லை, ஆணையிடுகிறேன். இம்மடலை மடித்து வைக்குமுன் எழு. கையெழுத்திடு. ஸெய்னுதீனின் கடைக்குத் தொலைநகலில் அனுப்பு. மூலத்தைக் கொழும்புத் தூதரகத்துக்கு விரைவஞ்சலில் சேர். பிறகு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பிவிட்டேன் என்ற ஒரு வரியை மட்டும் சொல். மறுநாள் விடியற்காலைப் பேருந்தில் அவள் இருப்பாள். மனைவியோடு பேசிவிட்டு என்று சொல்லாதே, கிழமை முடிவில் என்றும் சொல்லாதே. இன்று, மகனே. இப்போது!

உன் தந்தை,
சோமசேகரம்