மாலதி அடைத்த பல்

செவ்வாய், இரவு.

இன்று காட்டூர் கிளினிக்குக்கு ஒரு ரிட்டயர்டு டீச்சர் வந்தார். மூன்று வருஷம் முன்பு நான் அடைத்த அவருடைய கடைவாய்ப்பல் பக்கச் சுவரோடு உடைந்துவிட்டது. சொத்தையோடு நல்ல பல்லையும் அன்று நிறையக் குடைந்திருக்கிறேன். பக்கத்துப் பல்லில் இன்னொரு பழைய அடைப்பு. அதன் விளிம்பு முழுக்க ஊசிமுனையால் தடவிப் பார்த்தேன். ஓரிடத்திலும் மாட்டவில்லை; மயிரிழை இடைவெளிகூட இல்லை.

"இது யார் பண்ணினது?"

"ஸ்ரீரங்கத்துல இருந்தப்போ மாலதி டாக்டர் பண்ணினதுங்க. பதினஞ்சு வருஷமாச்சு. கொஞ்சூண்டுதான் குடைஞ்சாங்க."

மாலதி என்கூடப் படித்தவள். எனக்கு வயிறு எரிந்தது.

"அதுவும் பழசாயிடுச்சே, சேர்த்து மாத்திடலாமா டாக்டர்?" என்று அவரே கேட்டார்.

"மாத்திடலாம். வியாழக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அதில் மாற்ற ஒன்றுமே இல்லை. தெரிந்தேதான் சொன்னேன். நாளைக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லலாம். என்ன காரணம் சொல்வது?

காலேஜில் நாங்கள் ஒருவர் பல்லை ஒருவர் அடைத்துத்தான் கை பழகினோம். என் இடது கடைவாயில் இருப்பது மாலதி அடைத்தது. எழுத உட்கார்ந்ததிலிருந்து நாக்கு அங்கேயே போகிறது. இருபது வருஷம் ஆகியும், எது பல், எது அடைப்பு என்று நாக்குக்குத் தெரியவில்லை.