கதவு மட்டும் பாக்கி

என் மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் பெண்டாட்டியும் உன் மகள் குட்டியும் குறையில்லாமல் எழுந்து நடமாடுகிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அது நடக்காது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

முதலில் வேன் சமாச்சாரம். "கொல்லையில சும்மா மக்குற வேனை இரும்புக் கடைக்குப் போட்டுடுங்கம்மா, நான் ஆளை அனுப்புறேன்" என்று போன மாதம் சொன்னாய் அல்லவா? அப்போது போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். உன் பெண்டாட்டி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நறுக்கினாள். ஒரு வருஷ வேலை என்று சொல்லிவிட்டு வெளிநாடு போனவன் நீ, இப்போது நாலாவது வருஷம் நடக்கிறது. வேன் நிற்கிறவரைக்கும், வந்து பழையபடி கடைகளுக்குச் சாமான் ஏற்றி ஓட்டுவாய் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் போய்விட்டால் என்ன சொல்லிக்கொள்வது? அவள் இதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை பார்த்தால், உப்புத்தாளும் ஒரு வாளித் தண்ணீருமாக வேன் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீ அனுப்பிய ஆளும் வந்து சேர்ந்தார். வேனைத் தட்டிப் பார்த்து, "இதுல பாதி துருதான் பாட்டி, எடுத்தா எனக்குத்தான் நஷ்டம்" என்றார். "அப்போ நஷ்டப்படாம வீடு போய்ச் சேரு. என் மகன் தெரியாம சொல்லிட்டான்" என்று அனுப்பிவிட்டேன். நீ தெரியாமல்தான் சொன்னாய். அப்படித்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் மருமகள் பக்கம் பேசுகிறேனே என்று ஆச்சரியப்படாதே. வந்த முதல் வாரத்திலேயே, நான் கையால் தைத்த ஜன்னல் திரையைக் கழற்றி, "இதைத் தரை தொடைக்க வெச்சுக்கலாமா அத்தை" என்று கேட்டவள் அவள். அன்று என்ன கிழமை, அவள் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் வேலை என்று இறங்கினால் அவள் வேறு ஆள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். சக்கரத்துக்கு மேலேயும் கூரை ஓரத்திலும் துரு பொருக்குப் பொருக்காக இருந்தது. இரும்பு வெளுக்கும்வரை சுரண்டி, பள்ளத்துக்குப் பட்டி வைத்து, காயவிட்டு, கையால் தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்தாள். கண்ணுக்குத் தெரியாத மேடுகூட விரலுக்குத் தெரிந்துவிடுமாம். நகமெல்லாம் தேய்ந்துபோயிற்று.

தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து ஒவ்வொரு நிறமாக வந்தது. மேலே நீ கடைசியாக அடித்த வெள்ளை. அதற்கு அடியில் உன் கல்யாண வருஷத்து நீலம். அதற்கும் அடியில் உன் அப்பா அடித்த சிவப்பு. அந்தச் சிவப்பை அடித்த அன்றைக்கு உன் பெரியப்பா வாசலில் நின்று, "எங்கடா தம்பி தீப்பிடிச்சுது, தண்ணி வண்டியோட கிளம்பிட்ட?" என்று தெருவே கேட்கச் சிரித்தார். உன் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், நான் இன்னும் சிரிக்கவில்லை. அதனால் சிவப்புதான் அடிக்க வேண்டும் என்றேன். அவள் அந்த நீலத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "நீங்க சொன்னா சிவப்பே அடிச்சிடலாம் அத்தை" என்றாள். விரலை மட்டும் எடுக்கவில்லை. சரி, நீலமே அடி என்று சொல்லிவிட்டேன்.

பெயிண்டைப் பீய்ச்சி அடிக்கக் கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் பஞ்சர் கடைக்காரர் கொடுத்தார். உன் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன். இப்போது அவரே தூக்கிக்கொண்டு வந்து, பேட்டரியும் மாட்டிக் கொடுத்தார். வண்டி நாலு இருமல் இருமிவிட்டு எழுந்துகொண்டது. அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். தண்ணீர் மட்டும்தான்.

கண்ணாடிக்கெல்லாம் பழைய பேப்பர் ஒட்டினோம். டேப் கிழித்துக் கொடுக்கிற வேலை எனக்கு. பெயிண்டுக்கு முன்னால் தூசி துடைக்க நூல் பிரியாத பழைய துணி வேண்டும் என்று தேடினாள். என் பெட்டியில் அந்த ஜன்னல் திரை இருந்தது. எடுத்து இரண்டாகக் கிழித்து அவள் கையில் கொடுத்து, "இந்தா, இப்போ தொடைச்சுக்கோ" என்றேன். அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதை மடித்து மடித்துப் பிரித்தாள். "இவ்வளவு நெருக்கமா எப்படி அத்தை தைச்சீங்க?" என்று கேட்டாள். வந்த வாரமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இருந்தாலும் பதில் சொன்னேன்.

பெயிண்ட் அடித்த அன்றைக்குத் தூசி பறக்காமல் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து வைத்திருந்தோம். அவள் மூக்கைக் கட்டிக்கொண்டு கம்ப்ரஸரைப் போடப் போனாள். அந்த நேரத்தில் நான் டிரைவர் பக்கத்துக் கதவில் கையை ஊன்றி உள்ளே குனிந்து பார்த்தேன். சும்மாதான் பார்த்தேன். நீ உட்கார்ந்து உட்கார்ந்து சீட்டில் விழுந்த பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது.

காலையில் தலைக்கு எண்ணெய் வைத்த கை. எனக்கு என்ன தெரியும்? வேன் முழுக்க நீலம் வழவழவென்று படிந்தது, அந்தக் கதவில் மட்டும் ஓர் இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் விலகி விலகி ஓடியது. பார்த்தால் உள்ளங்கையும் ஐந்து விரலும். அவள் கதவைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள். "யார் கையோ" என்றேன். "இந்த வீட்டுல எண்ணெய்க் கையோட திரியுறது ஒரே ஆள்தான் அத்தை. குட்டிதான் எண்ணெய்ச் சீசாவைப் பார்த்தாலே ஓடிடுறாளே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெயிண்டில்தான் கோளாறு என்று இன்றைக்கும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காய்ந்த பிறகு அந்தக் கதவை மட்டும் மறுபடி தேய்த்து, எண்ணெயைத் துடைத்து எடுத்து, பெயிண்டுக்கு அடிப்பூச்சாகச் சாம்பல் நிறப் பிரைமர் அடித்தாள். அடுத்த நாள் நீலம் அடிப்பாள் என்று நான் டேப் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளோ வேலை முடிந்தாற்போல ஸ்ப்ரே கன்னைத் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தாள். "கதவு பாக்கி இருக்கேடி" என்றேன். "இருக்கட்டும் அத்தை. அதை அவர் வந்து அடிக்கட்டும்" என்று, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

நான் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன். என்னைப்போல அவளும் எதையும் மறக்காதவள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

குட்டி அதற்கு அப்பா கதவு என்று பேர் வைத்திருக்கிறாள். அந்தப் பக்கமாக யாரையும் ஏறவிடுவதில்லை. நீ போகும்போது கைக்குழந்தை, இப்போது உன் குரலைக் கேட்டால் போனைத்தான் பார்க்கிறாள். அப்பா என்றால் போனுக்குள் இருக்கிறவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதை நீ வந்துதான் திருத்த வேண்டும், எங்களால் ஆகாது.

இன்னொன்று. பிரைமர் தண்ணீரைக் குடித்துவிடுமாம். மேலே பெயிண்ட் இல்லாமல் ரொம்ப நாள் விட்டால், உள்ளே ஈரம் இறங்கித் துரு திரும்ப வந்துவிடும் என்று பஞ்சர் கடைக்காரர் சொல்கிறார். மேகம் கட்ட ஆரம்பித்துவிட்டது. உன் பெண்டாட்டி தினமும் சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கொண்டுபோய் அந்தக் கதவை மட்டும் மூடிவிட்டு வருகிறாள். காலையில் எடுத்து, கையால் தடவிப் பார்க்கிறாள்.

கதவுக்கு வேண்டிய நீலம் டின்னில் மிச்சம் இருக்கிறது. மூடியை இறுக்கி நிழலில் வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். வழியெல்லாம் உனக்கு நல்லதாக இருக்கட்டும், கண்ணா. மழைக்கு முன்னால் கதவைப் பார்.

உன் அம்மா