அமரர் போடுவதா, விடுவதா

3.6.95 சனி
காலையிலிருந்து மழை. கிங்ஸ்பரியிலிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு ரயில், இரண்டு இடத்தில் மாறி. மகள் சுகியின் கல்யாணக் கார்டு புரூஃப் பார்க்க.

மாப்பிள்ளை வீட்டார் பழக்கவழக்கம் ஒன்றையும் விடாத ஆட்கள். பெண்ணின் தகப்பன் உயிரோடு இருந்தால் கார்டில் வெறும் பெயர். இல்லையென்றால் முன்னால் 'அமரர்'. இவர், சுகியின் அப்பா, காணாமல் போய் ஒன்பது வருடம், எதைப் போடுவது? 'அமரர்' என்று அச்சடித்தால் அன்றிலிருந்து நான் விதவை, மகளின் மணவறைப் பக்கம் அண்டவும் விடமாட்டார்கள். போடாவிட்டால் பொட்டோடு முன்னுக்கு நிற்கலாம். நாலு எழுத்தில் தொங்குகிறது என் பொட்டு.

அச்சகக்காரர் பாலன் புரூஃபில் இவரின் பெயரை வாசித்தார். வாசித்தவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"அக்கா, இவர் மானிப்பாய்க் கணக்கு மாஸ்டரோ?"

"ஓம். உங்களுக்குத் தெரியுமோ?"

"ஒண்டா வந்தனாங்கள். மொரோக்கோவாலை ஸ்பெயினுக்கு. ரோண்டா எண்ட ஊரிலை, களவாக் கூட்டிவந்த ஏஜென்ட் எங்களை ஒரு அறையிலை வைச்சிருந்தவன். மாஸ்டருக்குக் கடும் காய்ச்சல். மற்ற எங்கள் நாலு பேரையும் ஏத்திக்கொண்டு வந்திட்டான். அவரைப் பிறகு கொண்டுவாறன் எண்டவன்."

"ஏன் இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நேரை லண்டனுக்கு வந்தனான் எண்டெல்லோ அகதிக் கேஸிலை எழுதிக் குடுத்தனான். ஸ்பெயின் எண்டு வாய் திறந்தா அங்கை திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம், அக்கா."

திட்ட வாய் வரவில்லை. நானும் அதையே செய்தவள்தான். புரூஃபைக் கையெழுத்துப் போடாமல் கொண்டுவந்தேன்.

4.6 ஞாயிறு
அலுமாரி துப்புரவு. (சாக்கு. தேடியது தபாலட்டையை.) பாலத்துப் படம். 11.2.86. "சுகம். இங்கே நல்ல மழை. பாலம் வடிவு. பிள்ளையைப் பள்ளிக்கூடம் மறிக்காமல் அனுப்பும்." கையெழுத்து இல்லை.

88இல் லண்டன் வந்தவுடன் இதை, எனக்கு முதலே இங்கே வந்திருந்த அண்ணையிடம் காட்டினேன். "ஸ்பெயின் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை, உன்ரை கேஸும் போயிடும். கொழும்பிலை காணாமல் போனவர் எண்டு எழுது" என்றார். எழுதினேன். காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கிறவர்களும் பாவம், ஏழு வருடம் கொழும்பில் தேடினார்கள். யானையைத் தேடக் குடத்துக்குள் கைவிட்ட கதை. கையை விடச் சொன்னவள் நான்.

பாலன் இன்னொன்றும் சொன்னார். இவர் வந்தது மலேசியக்காரர் ஒருவரின் பாஸ்போர்ட்டில். இவரின் படம், பெயர் முனியாண்டி சின்னசாமி.

8.6 வியாழன்
ரோண்டாவுக்குப் போக லீவு கிடைத்தது. ஆஸ்பத்திரிச் சலவையில் என்னோடு வேலை செய்யும் லெட்சுமியும் வருகிறாள். மலேசியாக்காரி, ஈப்போ. பழைய ஊர், பழைய கோட்டை என்றால் சாப்பாடு வேண்டாம் அவளுக்கு. எல்லாம் சொன்னேன். அழுதுவிட்டு உடனே ஒரு ஸ்பானிஷ் சொற்றொடர்ப் புத்தகம் வாங்கிவிட்டாள்.

சுகிக்கு: "கல்யாணத்துக்கு முதல் ஒரு கிழமை வெயில் காயப் போறன்." அண்ணைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இந்த நேரத்தில் ஊர் சுற்றலோ என்பார்.

எடுக்க: காய்ச்சல் குளிசை, விபூதி, பருத்திச் சேலை 2, தபாலட்டை. புது பிரிட்டிஷ் பாஸ்போர்ட், என் சொந்தப் பெயரில்.

12.6 திங்கள், ரோண்டா
நேற்று மலாகாவில் இறங்கி இன்று பஸ். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வழியெல்லாம் கார்க் மரங்கள், அடிமரம் உரித்துச் சிவப்பாக. ஒருமுறை உரித்தால் பட்டை திரும்ப வளர ஒன்பது வருடம் என்று லெட்சுமி வழிகாட்டிப் புத்தகத்தில் வாசித்தாள். இவர் காணாமல் போன பிறகு வளர்ந்த பட்டைதான் இப்போது உரிபடுகிறது.

ஊர் மலை உச்சியில். நடுவே பிளந்த பள்ளத்தாக்கு, மேலே பாலம். இருநூறு வருடப் பழசு, பெயர் புதுப்பாலம். தபாலட்டையை உயர்த்திப் பிடித்து ஒத்துப் பார்த்தேன். அதே இடம். கீழே பாறை இடுக்கில் சிவப்பு மூக்குக் காகங்கள். லெட்சுமி என்னை நிறுத்திப் படம் எடுத்தாள்.

"நாளைக்கு மயானத்துல போய்க் கேட்டுடலாமா?" என்றாள். நாளைக்கு வேறு ஊர் பார்ப்போம் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

13.6 செவ்வாய்
செத்தெனில் என்று ஒரு ஊர். தெருவுக்குக் கூரை பாறை. வீடுகள் அதன் அடியில் முதுகைக் கொடுத்துக்கொண்டு இருக்கின்றன. கிழவர்கள் அதன் கீழே கோப்பி குடிக்கிறார்கள், தலைக்கு மேல் மலை என்ற பயமே இல்லை. பிறகு வாடகைக் காரில் கிரசலேமா. வெள்ளை வீடுகள், ஊசியிலை மரக்காடு, குளிர்ந்த தண்ணீர். ஸ்பெயினில் அதிகம் மழை பெய்கிற இடமாம். "இங்கே நல்ல மழை."

வடிவான இடங்கள். ரசித்தேன், அதுதான் வெட்கம். சுற்றிக்கொண்டு இருக்கும் வரை அவர் உயிரோடு இருக்கிறார், அதற்காகத்தான் சுற்றுகிறேன். மலைமுகட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் இருபது முப்பது. லெட்சுமி எண்ணிக்கொண்டிருந்தாள். நான் காருக்குள் போய் இருந்துவிட்டேன்.

14.6 புதன்
மயானம். ஊருக்கு வெளியே, வெள்ளை மதில், ஊசி மாதிரி சைப்பிரஸ் மரங்கள்.

இங்கே பிணத்தைச் சுவரில் வைக்கிறார்கள். தபாற்கந்தோர்ப் பெட்டிகள் போல அறை அறையாக, ஒவ்வொன்றிலும் பெயர். லெட்சுமி சொற்றொடர்ப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். காவலாளி வயதானவர், பொறுமையான ஆள். முதலில் இவரின் சொந்தப் பெயரை எழுதிக் கொடுத்தேன். இல்லை என்று தலையை ஆட்டினார். மற்றப் பெயரை எழுதினேன்.

86ஆம் ஆண்டுப் பதிவுப் புத்தகம். விரல் இறங்கி நின்றது. முனியாண்டி சின்னசாமி. மலேசியா. 2 மார்ச். நிமோனியா.

தபாலட்டை எழுதிப் பத்தொன்பது நாள்.

எந்த அறை என்று கேட்டோம். கூட்டிக்கொண்டு போனார். அந்த அறையில் இப்போது வேறொரு பெண்ணின் பெயர், பிளாஸ்டிக் பூ. தேடி ஒருவரும் வராவிட்டால் சில வருடத்தில் எலும்பை எடுத்துப் பொதுக்குழியில் சேர்ப்பது இங்கத்தைய வழக்கம். அதை அவர் கையால் செய்து காட்டினார். எடுத்து, கட்டி, ஒன்றாகப் போட்டு. மெதுவாகத்தான் செய்து காட்டினார்.

எரித்துச் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டிய மனுசன். பொதுக்குழியின் மூடியில் விபூதியைப் போட்டேன். காற்று கொண்டுபோய்விட்டது.

லெட்சுமி திரும்பி வரும்போது சொன்னாள்: "பாவம்லா அந்த முனியாண்டி. எங்கயோ எஸ்டேட்ல டீ குடிச்சிக்கிட்டு இருப்பான். தான் செத்துட்டது அவனுக்கே தெரியாது." இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் ரோட்டிலேயே குந்திவிட்டேன்.

15.6 வியாழன்
காலையில் குளித்துவிட்டுப் பழக்கத்தில் பொட்டை வைத்துவிட்டேன். அழிக்கக் கையைத் தூக்கினேன். சுகியின் மணவறை நினைவு வந்தது. விட்டுவிட்டேன்.

18.6 ஞாயிறு, கிங்ஸ்பரி
தூறல். வீட்டில் பால் இல்லை. சுகி கேட்டாள், எப்படி என்று. வடிவான ஊர் என்றேன்.

24.6 சனி
அண்ணை வந்தார், கல்யாணப் பட்டியலோடு. மேளம், ஐயர், மண்டபம், கார். தாரை வார்க்கத் தகப்பன் இடத்தில் நிற்கப்போகிறவர் அவர். சுகி கடைக்குப் போயிருந்தாள்.

"அண்ணை, நான் போன கிழமை ரோண்டாவுக்குப் போனனான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பேனையை மூடி வைத்தார். "கல்லறையிலை என்ன பேர் போட்டுக் கிடக்கு?" என்றார்.

நான் கல்லறை என்ற சொல்லையே எடுக்கவில்லை.

86 பங்குனியிலேயே ஏஜென்ட் அண்ணைக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டானாம். "நீ பிள்ளையோடை தனிச்சு நிண்டனி. சொன்னா இடிஞ்சு அங்கையே கிடந்திருப்பாய். வந்து சேரட்டும் எண்டு நினைச்சன். பிறகு கேஸ் முடியட்டும் எண்டு. பிறகு பிள்ளையின்ரை சோதினை முடியட்டும் எண்டு. பிறகு எப்பிடிச் சொல்லுறது எண்டே தெரியேல்லை."

வருடம் தவறாமல் இவரின் நட்சத்திரத்தன்று நீண்ட ஆயுளுக்கு அர்ச்சனை செய்தேன். ஒவ்வொரு முறையும் காரில் கோயிலுக்குக் கூட்டிப் போனவர் அண்ணை. தட்டு வாங்கித் தந்தவர் அண்ணை. ஐயர் இவரின் பெயரைச் சொல்லும்போது பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றவர்.

"எழும்பிப் போங்கோ" என்றேன். போனார். பட்டியல் மேசையில் கிடக்கிறது. இந்த மனுசனை என்னால் மன்னிக்க ஏலாது.

25.6 ஞாயிறு
வெயில். சட்டை 6 அயர்ன். பாலன் போன்.

"அக்கா, நாளைக்கு மெஷினிலை ஏத்தவேணும். அமரர் போடவோ, விடவோ?" என்ன நடந்தது என்று கேட்கப் பயம் அவருக்கு.

"விடுங்கோ" என்றேன். "கல்யாணம் முடியட்டும்."

போனை வைத்த பிறகுதான் என் காதில் விழுந்தது, நான் சொன்னது.

சுகி பிலிம் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள். பாலத்தில் நான் நிற்கும் படத்தை மட்டும் தனியாக எடுத்தாள்.

"அம்மா, அப்பா அனுப்பின போஸ்ட்கார்டில இருக்கிற பிரிட்ஜ்தானே இது? அங்கை அப்பாவைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதா?"

"இல்லைப் பிள்ளை. ஒண்டும் தெரியேல்லை" என்றேன்.

கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பொட்டு வைத்தேன். கோணலாக வந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.