வீட்டுக்காரியின் பத்து வாக்கியங்கள்

மார்ச் 3, செவ்வாய்

அக்கா மகள் வீட்டில் இன்று வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடும் வேலை. இந்த வயதில் மேசை நாற்காலி போட்டுக் கொடுத்து விளையாடச் சொல்லப்பட்ட மனிதன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பத்தாவதைப் பாதியில் விட்டவனுக்கு வேறென்ன பட்டம் வேண்டும்?

முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர், கொடியில் காயும் துணி. அதற்கு நடுவே உட்கார்ந்து ஒரு ஊரையே செய்துகொண்டிருக்கிறாள். "பெரியவங்களுக்கான விளையாட்டு மாமா" என்றாள். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ மாமா, அது இல்ல. வேலைக்குப் போகணும், வீடு தேடணும், கல்யாணம், சண்டை, விவாகரத்து எல்லாம் வரும். அதான் பெரியவங்களுக்கு."

இதெல்லாம் வீட்டிலேயே சும்மா கிடைக்கிறதே, கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்டேன்.

அந்த ஊர்க்காரர்களின் பேச்சை யாரும் எழுதி வைப்பதில்லை. நாம் எதையாவது கேட்டால் ஏஐ சாட்பாட் அந்தந்த ஆளாக மாறி அப்போதே பதில் சொல்கிறது. அதற்கு ஆளுக்கொரு குறிப்பு வேண்டும்: தொழில், குணம், இப்போதைய கவலை, வழக்கமாகச் சொல்லும் பத்து வாக்கியம். இப்போதைக்கு ஊரே வரவேற்பறைப் பெண் மாதிரி மரியாதையாகப் பேசுகிறதாம். அதைக் கெடுக்கத்தான் நான்.

என் வீட்டில் நான் மட்டும். இன்றோடு பதினெட்டு நாள்.

மார்ச் 5, வியாழன்

முப்பது பேருக்குக் குறிப்பு எழுதினேன். சரி, மூன்று. குழாய் ரிப்பேர்காரர், வீட்டு உரிமையாளர், ஒரு மனைவி. மனைவிக்குப் பெயர் வைக்கவில்லை, 'வீட்டுக்காரி' என்று போட்டேன். குணம்: பொறுமை, புருஷன் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொள்பவள். கவலை: ஒன்றுமில்லை. முதல் வாக்கியம்: "நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

மீதி ஒன்பதும் அதே ரகம்.

மார்ச் 9, திங்கள்

வீட்டுக்காரியிடம் என் லிஃப்ட் கதையைச் சொன்னேன். பதினொன்றாவது மாடியில் கயிறு அறுந்த லிஃப்டை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தியது.

"உங்க துணிச்சல நினைச்சா பெருமையா இருக்குங்க."

இருபது மாடியாக்கினேன். அதே பெருமை. லிஃப்ட் கூரையைப் பிய்த்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்தில் இறங்கியது என்றேன். "அப்புறம் என்ன ஆச்சுங்க?" என்கிறது!

சலித்துவிட்டது. சொல்வதையெல்லாம் நம்புகிறவளிடம் எவ்வளவு நேரம்தான் கதை விடுவது? சோதனை அறிக்கையில் 'எதிர் எடை இல்லை' என்று எழினேன் — கை அவசரம், எழுதினேன். அப்படியென்றால் என்ன என்று அக்கா மகள் கேட்டாள். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனிடம் கேட்டால் விடுவேனா? கூண்டு மேலே போகும்போது மறுபக்கம் ஒரு கனம் கீழே இறங்குகிறது. அது இல்லாவிட்டால் மோட்டார் திணறிப் புகைந்துவிடும்.

"அப்ப அத்தை நிஜமா பேசுற மாதிரி எழுதுங்க மாமா" என்றாள்.

மார்ச் 10, செவ்வாய்

என் மனைவி தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். எல்லாம் ஒரு அதிகாரியால் வந்தது. வீடு ஒதுக்கும் அரசு அலுவலகத்தில் அவர் எனக்கு நெருக்கம். மச்சினி குடும்பத்துக்கு இரண்டு அறை வீடு வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதை நம்பி சகலை இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டார். அதற்குள் அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். நான் என்ன செய்ய முடியும்? மச்சினி, சகலை, இரண்டு பெண்கள் — நாலு பேரும் இப்போது ஒரே அறையில். உதவிக்கு என்று போன இவள் திரும்பவில்லை. போனையும் எடுப்பதில்லை.

மார்ச் 11, புதன்

வாக்கியங்களை மாற்றினேன். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது.

"அளந்தது போதும், சாப்பிட வாங்க."

"எத்தன மாடி? போன தடவ எட்டுன்னீங்க."

"அந்த மனுஷன் முகத்தப் பாருங்க, நம்பிட்டாரு பாவம்."

இப்படி ஒன்பது. பத்தாவது, பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது அவள் சொன்னது. அதை எழுதவில்லை. இப்போதைய கவலை என்ற இடத்தில் மட்டும் போட்டேன்: தங்கைக்குக் கிடைக்க இருந்த வீடு, அதிகாரி மாற்றலானதால் கிடைக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

இன்று கம்ப்யூட்டர் வீட்டுக்காரி கேட்டது: "மாத்தலாயிட்டாரா? சரி, அந்த அதிகாரி பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்."

'சார்' என்று அடித்தேன்.

"சாருங்கிறது ஒரு பேரா?"

பின்னால் அக்கா மகள் துணி மடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

பேர் தெரியாது. தெரிந்தால்தானே சொல்ல? அந்த மனுஷரைப் பார்த்ததே ஒரு தடவை. அவர் அலுவலக லிஃப்டில் பொத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். எந்த மாடி சார் என்றேன். நாலு என்றார். அவ்வளவுதான் எங்கள் நெருக்கம். மாற்றலானாரா, இல்லையா, யார் கண்டது?

இதை அப்படியே அடித்து அனுப்பினேன்.

"இத எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போவுது? அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

இயந்திரம்தான். ஆனாலும் நான் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தானே கேட்கிறது. பத்தாவது வாக்கியத்தையும் எழுதிவிட்டு வந்தேன்: "நம்ம வீட்டுல அளந்தீங்கன்னா நான் சிரிச்சுட்டுப் போயிடுவேன். அவங்க சாமான லாரில ஏத்திட்டாங்களே!"

மார்ச் 13, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. எங்கள் வீட்டு முன்னறையைக் காலி செய்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது.

மார்ச் 15, ஞாயிறு

போனேன். சுவரோரம் மெத்தைகள் தோள் உயரம். ஃபிரிட்ஜ் தலையில் அடுப்பு. நான் உட்கார இடம் பண்ணச் சின்னவள் கட்டிலின்மேல் ஏறிக்கொண்டாள்.

சொன்னேன். மாடி கூட்டாமல் சொன்னேன்.

"அப்ப அந்த அதிகாரியே கிடையாதா அத்தான்?" என்றாள் மச்சினி.

"இருக்காரும்மா. நாலாவது மாடியில."

யாரும் சிரிக்கவில்லை. சகலை என்னைத் திட்டியிருக்கலாம். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வீடு கிடைக்கும்வரை எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், முன்னறை காலியாக இருக்கிறது, வண்டிகூடக் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன்.

என் மனைவி கேட்டாள்: "வண்டி நிஜமா நிக்குதா, இல்ல இதுவும் பதினொன்னாவது மாடியா?"

ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். நின்றது.

"முதல்ல மெத்தைய இறக்குங்க" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நான்தான் தூக்கினேன்.

மார்ச் 24, செவ்வாய்

குளியலறைக்கு வரிசை. நான் ஆறாவது ஆள். சகலை இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. குறட்டை மட்டும் விடுகிறார்.

ஏப்ரல் 6, திங்கள்

மனைவியை அக்கா மகள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். வீட்டுக்காரியோடு அரைமணி நேரம் பேசினாள். பிறகு பத்து வாக்கியங்களையும் படித்து, "ஏழாவது நான் சொன்னதே இல்ல" என்று அழிக்கச் சொன்னாள். பத்தாவதை அப்படியே விட்டுவிட்டாள்.

திரும்பும் வழியில் என் லிஃப்ட் கதை நினைவுக்கு வந்தது. பதினொன்றாவது மாடியில் அந்த லிஃப்டை ஒற்றைக் கையால் —

இரண்டாவது மாடி. கயிறு அறுந்துபோகவில்லை, கரண்ட் போயிற்று. அவள் என் பின்னால் நின்று இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.