தன் வண்டியைத் தானே நறுக்கிய கத்திரி

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நானும் உன் சித்தியும் சுகம், அவளுடைய முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகிறேன் என்று அடம் பிடிக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும், உள்ளிருந்து உதைவிடும் அந்தச் சின்ன மகாராணியும் நலமாக இருக்க வேண்டும், மகாராஜாவாக இருந்தால் என்னை மன்னிக்கட்டும். பெற்றவன் என் அண்ணன் என்றாலும் உன்னை வளர்த்துக் கெடுத்த பெருமை இந்தச் சித்தப்பனுக்குத்தான், பிரசவத்துக்கு முன்பே வந்து நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தவனும் நான்தான். போன வாரம் இன்னும் கிளம்பவில்லை என்று நான் சொன்னதும் சரி சித்தப்பா என்று மட்டும் சொல்லி போனை வைத்தாயே, அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம், நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். உன் சித்தி பெட்டியைக் கட்டி நடையில் நிறுத்தியதிலிருந்து அதில் இடித்துக்கொள்ளாத விரல் என் காலில் இல்லை. உள்ளே எடுத்து வையேன் என்றால், உங்களுக்கு வெக்கம் வர்ற வரைக்கும் இடிச்சுக்குங்க என்கிறாள்.

என்னைக் கட்டிப்போட்டது எது என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. நான் வேலை பார்க்கிற லேப் உனக்குத் தெரியும், உலகத்தையே தாங்குகிற அறை, அளவில் நம் சமையலறையைவிடச் சின்னது. நோய் தருகிற சங்கதிகளையெல்லாம் பிடுங்கிவிட்ட வைரஸை வண்டியாக்கி, ஆராய்ச்சிக்காரர்கள் கேட்கிற மனித மரபணுவை ஆர்.என்.ஏ. நகலாக அதில் ஏற்றி, அவர்கள் வளர்க்கிற செல்களுக்குள் இறக்க அனுப்புவதுதான் என் சாம்ராஜ்யத்தின் தொழில். எங்கள் ஆராய்ச்சிப் பெண் ஒருத்தி, நின்றால் மின்விசிறி தலையில் தட்டும், நெட்டை என்றுதான் கூப்பிடுவோம், அவள் கேட்டது ஆர்.என்.ஏ.வை வெட்டிச் சீராக்குகிற ஒரு மரபணு. கத்திரி என்று வைத்துக்கொள். நரம்பு செல்லில் அந்தக் கத்திரி என்னென்ன செய்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி, வண்டி கிடைக்காவிட்டால் அவள் இத்தனை காலம் பட்ட பாடு வீண். மற்ற மரபணுவை ஏற்றினால் வண்டிகள் படைபடையாகக் கிளம்புகின்றன, கத்திரியை ஏற்றினால் மட்டும் ஒன்றும் தேறவில்லை. வண்டி கட்டித் தருகிற செல்களைத் தட்டில் வளர்த்து ஊட்டினேன், துடைத்தேன், தாலாட்டு ஒன்றுதான் பாடவில்லை. வைரஸ் தயாராகிற தட்டை நடுவில் விட்டுவிட்டு எங்கும் நகர முடியாது, கைக்குழந்தை மாதிரி, அதனால்தான் இந்தத் தட்டு முடியட்டும், அடுத்த தட்டு முடியட்டும் என்று உன்னிடம் சொல்லிச் சொல்லி என் நாக்குக்கே அலுத்துவிட்டது. தோள் இரண்டையும் யாரோ கழற்றித் தப்பாக மாட்டியது போல வலி. எங்கள் தலைவர் வேறு, கைக்கு வயசாயிடுச்சோ சார், ஃப்ரீசரைப் பார்த்துக்கிற வேலைக்கு மாத்திடட்டுமா என்று தேன் தடவிக் கேட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் நானும் நெட்டையும் தேறாத தட்டை வெறித்துக்கொண்டிருந்தபோது, சார், நம்ம வண்டியில போற சரக்கே ஆர்.என்.ஏ.தானே, கத்திரி இங்கயே முழிச்சிக்கிட்டா என்ன ஆகும் என்றாள். கத்திரி ஊர் போய்ச் சேரும் முன்பே, வண்டி கட்டுகிற செல்லுக்குள்ளேயே வேலையை ஆரம்பித்து, தான் எழுதப்பட்டிருந்த ஆர்.என்.ஏ.வைத் தானே நறுக்கித் தள்ளியிருக்கிறது. சோதித்துப் பார்த்தோம், துண்டு துண்டாகத்தான் கிடந்தது. பிறகு அவள் ஒரு ஸ்விட்ச் வைத்துப் புதிதாகக் கட்டினாள், வண்டி கட்டி முடியும் வரை கத்திரி தூங்கும், நரம்பு செல்லுக்குள் போனபின் மருந்து விட்டால்தான் எழும். இதை உன் சித்தியிடம் விளக்கினேன். உங்க வாய்க்கும் அப்படி ஒரு ஸ்விட்ச் கிடைக்குமான்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டு வாங்க என்றாள்.

அந்தப் புது வண்டிக்கான தட்டு இப்போது இன்குபேட்டரில் இருக்கிறது. நேற்று நான் நெட்டையிடம், இதையும் பார்த்துவிட்டே கிளம்புகிறேன் என்றேன். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே, இது தேறலைன்னா அடுத்ததுன்னு சொல்வீங்க, பாப்பா உங்களுக்காக இன்குபேட்டர்ல காத்திருக்குமா சார், லேப் சாவியக் குடுங்க, செல்லுக்கு நான் ஊட்டிக்கிறேன் என்றாள். அவள் பிழைப்பே அந்தத் தட்டில் இருக்கிறது, அவள் என்னைப் போகச் சொல்கிறாள். சாவியைக் கொடுத்துவிட்டேன். தேறியதா என்று பார்க்காமலே வருகிறேன். தேறாவிட்டால் தலைவர் என் கையைத்தான் சொல்வார், சொல்லட்டும், அந்தக் கை அப்போது உன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருக்கும். இன்று காலை எழுந்து நடந்தால் நடையில் பெட்டி இல்லை, வாசலுக்குப் போய்விட்டது, இடிக்க ஒன்றுமில்லாமல் கால் தடுமாறிவிட்டது.

நீ ரொம்ப நேரம் நிற்காதே, மாடிப்படியில் கைப்பிடியை விடாதே. ஆஸ்பத்திரிக்கான பையை இப்போதே கட்டி வை, நடையில் மட்டும் வைக்காதே. நீயும் பிள்ளையும் நூறு வயசு ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்தால் வெந்நீர் போட்டு வை, தோளுக்கு ஒத்தடம் வேண்டும். நான் முந்திக்கொண்டால் உன் பக்கத்தில் உட்கார்ந்து நானே படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வைரஸ் வண்டிச் சக்கரவர்த்தி, தற்சமயம் சாவி இல்லாதவன்,
உன் சித்தப்பா