நல்ல பாதியும் ஏன் மடிந்தது?

3 அக்டோபர் 1974
கடலுக்கடியில் எண்ணெய் கொண்டுபோகப் போகும் குழாய்களுக்கு இன்று சோதனை. இரண்டு மழைக்காலம் கும்மிடிப்பூண்டி யார்டில் திறந்தவெளியில் கிடந்து துருப்பிடித்தவை. ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, ஆழ்கடல் அழுத்துவது போலப் பம்பால் அழுத்தினோம். என் கணக்குப்படி சதுர சென்டிமீட்டருக்கு 42 கிலோ தாங்க வேண்டும். 29இல் நசுங்கிவிட்டது.

தடிமனை நான் சரியாக அளக்கவில்லை என்கிறார் எஞ்சினியர் பாக்கியநாதன். இருக்குமோ?

4 அக்டோபர்
மறுபடி அளந்தேன். சராசரி அதேதான். எங்கே தப்பு?

7 அக்டோபர்
ஃபோர்மேன் அப்பாவு குழாயைப் புரட்டிக் காட்டினார். "சராசரிய வுடும்மா. மண்ணுல கெடந்த பக்கம் பாரு, அப்பளமா கீது."

உண்மை. மேல்பக்கம் பத்து மில்லிமீட்டர், அடிப்பக்கம் ஆறு. மெலிந்த பக்கம் முதலில் உள்ளே மடிகிறது. அப்பாடா, புரிந்தது என்று நினைத்தேன். ஆனால் குழாயின் நீளத்தில் ஒரு பாதி மண் படாமல் கட்டைமேல் கிடந்தது. அதில் துருவே இல்லை. அதுவும் மடிந்திருக்கிறதே, ஏன்?

9 அக்டோபர்
அதேபோல இன்னொரு குழாய். அழுத்தம் காட்டும் கேஜை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 28இல் துருப்பிடித்த இடம் மடிந்தது. அழுத்தம் சடாரென்று 11க்கு இறங்கியது. பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. முள் 11லேயே நிற்க, மடிப்பு மட்டும் நல்ல பாதிக்குள் நகர்ந்துகொண்டே போனது.

முன்பு துருப்பிடிக்காத குழாயைத் தனியாகச் சோதித்தபோது 40ஐத் தாண்டியும் அசையவில்லை. பதினொண்ணுல எப்படி மடியும்? எனக்குத்தான் மூளை மழுங்கிப்போச்சா?

11 அக்டோபர்
குழாய்களை ஏற்றிப்போகப் புதன்கிழமை லாரிகள் வருகின்றன. கேஜ் பழுது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் எஞ்சினியர். ஒருவேளை பழுதுதானோ? இரண்டு நாளும் ஒரே மாதிரியா பழுதாகும்?

15 அக்டோபர்
அமாவாசை. லீவு. திருவள்ளூர் வீட்டில் இருக்கிறேன். வீரராகவர் சன்னதியில் நின்றும் வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. பதினொன்று, பதினொன்று என்றே ஓடியது.

16 அக்டோபர்
பார்த்ததை அப்படியே எழுதினேன். கடைசியில் 'காரணம் தெரியவில்லை' என்று சேர்த்து, அரவிந்தவல்லி என்று கையெழுத்துப் போட்டேன். எஞ்சினியர் படித்தார். லாரிகளைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார். வேலை போகுமா?

17 அக்டோபர்
நான் போகும்போது எஞ்சினியர் தொட்டியருகில் நின்றிருந்தார், சட்டையெல்லாம் தண்ணீர். புது கேஜ் மாட்டி மூன்றாவது குழாயை அவரே சோதித்திருக்கிறார்.

"பதினொண்ணுதான் வருது. ஏன்னு உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

"இல்ல சார்."

"எனக்கும் புரியலை."

பதினொரு மணிக்கு லாரிகள் காலியாகத் திரும்பிப் போயின.