சந்தை வளைவில் எந்தப் பக்கம் முதலில் இடிப்பது

சாரம், புதுச்சேரி
மாசி 6, புதன்கிழமை, 1959

அன்பு மகள் செல்வாம்பாளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உங்கம்மா, தம்பி மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், சைகோனில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும், வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சாப்பிடு. உனக்குப் பதில் போட ஒரு வாரம் தாமதமாகிவிட்டது. காரணம், பயந்துபோய் இருக்கிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, நேரே சொல்லிவிடுகிறேன்.

நீ கப்பலேறின வருஷம் சந்தை வாசலில் சிமெண்டு வளைவு கட்டுகிறேன், மேலே உருவங்கள் வைக்கிறேன் என்று எழுதினேனே, அதில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. சந்தைக்கு வந்துபோகிற எல்லாருக்கும் அது சொந்தமாக இருக்கணும், பாதிச் செலவு எங்கள் முனிசிபல் ஆபீஸ் தரும், மீதிக்கு ஒவ்வொரு தெருவும் தன்னால் ஆனதைத் தரணும், தந்தவர்கள் தங்களுக்கு என்ன உருவம் வேணுமோ சொல்லணும், யார் பேரும் பொறிக்கக் கூடாது, இதுதான் ஏற்பாடு. பக்ருதீன் பாய் தன் கடையிலிருந்து சிமெண்டு தந்தார், அவர் தெருக்காரர்கள் ஆள் உருவம் வேண்டாம், கொடியும் பூவும் போதும் என்றார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் வீடு வீடாக உடைந்த பீங்கான் தட்டு பொறுக்கித் தந்தார்கள், ஒட்டினால் மின்னுமாம். வைத்திக்குப்பத்தில் அந்த வருஷம் மீன்பாடே இல்லை. நம் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் வீராயி, காசுக்குப் பதிலாக நாற்பது பெண்களோடு மீன் கூடையில் கடற்கரை மணலைச் சுமந்துவந்து கொட்டினாள். முதல் கூடைக்கு மஞ்சள்தண்ணி தெளித்து, கற்பூரம் காட்டி, எங்க கட்டுமரம் கரையேறுற எடத்து மண்ணு தம்பி, இந்த வாசல்ல இதுவும் இருக்கட்டும், மேல ஒரு வஞ்சிரத்தை மட்டும் நல்லா பெருசா போட்டுடுன்னு சொன்னாள்.

கடல் மணலில் உப்பு இருக்கிறது. கம்பி வைத்துக் கட்டுகிற எதிலும் அதைப் போடக் கூடாது, உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, மேலே இருக்கிறதைப் பிளந்து தள்ளும். ஓவர்சியருக்குப் படிக்கும்போது முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்தது. வேறு நாளாக இருந்தால் மூஞ்சிக்கு நேரே எடுத்துப் போங்க என்றிருப்பேன். அந்த வாரம்தான் நீ எழுதியிருந்தாய், நாலு பேர் நடுவில் வாயைக் கொஞ்சம் அடக்குங்கப்பா, உங்க பேச்சால எத்தனை பேர் மனசு நொந்துபோச்சுன்னு. உன்மேல் பழி போடவில்லை, நீ சொன்னது சரிதான், நான் அதைத் தப்பான நாளில் கேட்டேன். அவள் முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை. கற்பூரம் காட்டின மணலை அவர்கள் எதிரிலேயே உப்புப் போகக் கழுவச் சொல்லவும் கூசியது. ஆற்று மணலோடு பாதிக்குப் பாதி கலந்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொத்தனார் கலியமூர்த்தி ஒரு தடவை என்னைப் பார்த்தான், கலக்குடா என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, பாய் தெருக்காரர்கள் கேட்ட கொடி இருக்கிற பக்கத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து வீராயி கூடையில் விழுந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை, இந்த மீனை யாரு எடை போட்டு வாங்குறீங்கன்னு சிரித்தாளாம். நான் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன், கம்பி கறுத்து இதழ் இதழாக உரிகிறது, தட்டின இடமெல்லாம் வெற்றுப் பானை மாதிரி பொள்ளல் சத்தம். வர்ற திங்கட்கிழமை மாசி மகம். வைத்திக்குப்பத்துக்குத் தீர்த்தவாரி போகும் சாமியெல்லாம் இந்த வளைவுக்குக் கீழேதான் போகும், பின்னால் பிள்ளையும் குட்டியுமாக ஜனம். கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. இதற்கிடையில் டீக்கடையில் ஒருத்தன், விழுந்தது பாய் பக்கம்தானே, ஓசி சிமெண்டுல என்னத்தைக் கலந்தாரோ என்கிறான், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு டீ குடித்தேன். பாயே நேற்று ஆபீசுக்கு வந்து, ஓவர்சியர் சார், நம்ம மூட்டை நல்ல மூட்டைதானேன்னு மெதுவாகக் கேட்டார். நல்ல மூட்டைதான் பாய் என்றேன். மணலைப் பற்றிச் சொல்லாமலே அவரை அனுப்பிவிட்டேன்.

அவர் போனதும் உட்கார்ந்து, தப்பு முழுக்க என்னுடையது, வளைவை உடனே இடிக்கணும் என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இடிக்க உத்தரவு வந்துவிட்டது, என்னைப் பற்றி ஒன்றும் வரவில்லை. வேலை நிலைக்குமா தெரியாது, உங்கம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று காலை குப்பத்துக்குப் போய் வீராயியிடம் சொன்னேன். அவள் வலையைக் கீழே வைத்துவிட்டு, அன்னிக்கே சொல்லியிருந்தா வேற ஏதாச்சும் கொண்டாந்திருப்போமே, உப்புன்னா எங்களுக்குத் தெரியாதா, சொன்னா அழுதுடுவோம்னு நெனச்சியான்னு கேட்டாள். பிறகு, இப்ப எல்லாரும் எங்க மண்ணாலதான் இடிஞ்சுதும்பானுங்க, அதுக்கு நீ என்ன பண்ணுவே என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நாளைக்குக் காலையில் இடிக்கணும். சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து வழியை அடைத்தாகிவிட்டது. கலியமூர்த்தி சுத்தியலை வைத்துக்கொண்டு கேட்கிறான், எந்தப் பக்கம் மொதல்ல அடிக்கிறது, மீன் பக்கமா, கொடி பக்கமான்னு. கொடிப் பக்கம்தான் தொங்குகிறது, அதை முதலில் இறக்காவிட்டால் ஏறுகிற ஆள் தலையில் விழும். ஆனால் அங்கே முதல் அடி விழுவதைப் பார்த்தால், டீக்கடையில் சொன்னதுதான் உண்மை என்று ஊர் முடிவு கட்டிவிடும். அதனால் நாளைக்கு ஜனம் கூடினதும், சிமெண்டில் குற்றமில்லை, மணலில் உப்பு, அது தெரிந்தே கலக்கச் சொன்னவன் நான் என்று அங்கேயே நின்று உரக்கச் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் பாயிடம் சொல்லணும், கடிதத்தை ஒட்டினதும் அவர் வீட்டுக்குப் போகிறேன். நேற்று கேட்டபோது ஏன் சொல்லலை என்பார், அதற்கும் அவர் வாசலில் நின்று பதில் சொல்லித்தான் ஆகணும்.

நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப்போகும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மாசம் ஏறுகிறது, மாடிப்படியில் பார்த்து இறங்கு. பதிலை வீட்டு விலாசத்துக்கே போடு, ஆபீசுக்குப் போடாதே.

உன் அப்பா,
தணிகாசலம்